மாறிப்போன ஐந்தாம் பாரம்

ராவுத்தரண்ணா,

இன்று காலையில் ஒரு பழைய புத்தகத்தின் முதுகை ஈரத்துணியால் நனைத்துப் பிரித்தேன். காய்ந்து இறுகியிருந்த பசை இளகியதும் அந்தப் புளித்த வாடை எழுந்தது. கோதுமை மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய நம் பழைய பசை. பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் மயில்துத்தம். ஆனால் பூச்சியைவிட அதற்கு அதிகம் பயந்தவர் நீங்கள். எங்கள் பைண்டிங் கூடத்து நிலைப்படியைத் தாண்டாமல், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனம்மிணி, நீ புஸ்தகம் கட்டறயா, பொணத்துக்கு மருந்து போடறயா" என்று கேட்பீர்கள். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லுவேன். வாடை வந்ததும் அந்தக் குரலும் கூடவே வந்துவிட்டது.

எந்தப் புத்தகம் என்பதை இப்போதே சொல்ல மாட்டேன். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர் நீங்கள். இந்த ஒரு தடவையாவது வரிசையாகக் கேளுங்கள்.

கல்பாத்தி ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில், முன்பு நெல் கிடங்காக இருந்த அந்த நீளக் கட்டடம் உங்களுக்கு மறந்திருக்காது. கிழக்குக் கோடியில் வெளிச்சம் பார்த்துக் கம்போசிங். அதை அடுத்து, பெட்டி மாதிரி ஓர் அறையில் மூக்குக்கண்ணாடியோடு புரூப் பார்க்கும் வைத்தி. பிறகு அச்சு மெஷினும் அந்தோணியும். பிறகு மடிப்பும் தையலும் வெட்டும் நடக்கும் எங்கள் கூடம். அங்கே எல்லாரும் பெண்கள், நான் மேஸ்திரி. மேற்குக் கோடியில், தெருவைப் பார்த்தபடி, காகிதக் கிடங்கும் விற்பனையுமாக நீங்கள். ஒரு கோடியில் எழுத்தாக நுழைந்தது மறுகோடியில் கட்டாக வெளியே போகும்.

ஒவ்வோர் அறைக்கும் அடுத்த அறைதான் எதிரி. வைத்தி சிவப்பு மையில் திருத்தினால், அவருக்குக் கண் போய்விட்டது என்று கம்போசிங்காரர்கள் சொல்லுவார்கள். கம்போசிங்காரர்கள் எழுத்தை இறுக்கிக் கட்டவில்லை என்று அந்தோணி சொல்லுவார். அந்தோணி ஈர மையோடு தாளை அனுப்புகிறார் என்று நான் கத்துவேன். நான் தாமதம் செய்கிறேன் என்று நீங்கள் முதலாளியிடம் போய் நிற்பீர்கள். எல்லா அறைக்குள்ளும் நுழைந்து எல்லாரோடும் சண்டை பிடித்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனாலேயே எந்த அறையில் என்ன நடக்கிறது என்று முழுசாகத் தெரிந்தவரும் நீங்கள் ஒருவர்தான்.

அந்த வருஷம் சித்தூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் இரண்டு புத்தகம் எழுதிக் கொடுத்தார். ஒன்று வீட்டு வைத்தியம். மலை எஸ்டேட்டு ஜனங்களுக்காக. இன்னொன்று மாட்டு வைத்தியம்; மீனாட்சிபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்காக. இரண்டும் ஒரே அளவு, ஒரே எழுத்து, ஒரே காகிதம். எழுதின கையும் ஒன்றுதான் என்பதால் நடையும் ஒன்றுதான். "இடித்து, வடிகட்டி, காலையிலும் மாலையிலும் கொடுக்கவும்" என்றுதான் அந்த மனிதர் எல்லாவற்றையும் முடிப்பார், குடிப்பது பிள்ளையா கன்றா என்று சொல்லாமல்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் புத்தகத்தின் பெயர் வரும்; அதுதான் வழக்கம். அதை எடுத்துவிடலாம் என்று சொன்னது நீங்கள். "தலையில பேரு எதுக்கு வைத்தி? அட்டையில இருக்கறது பத்தாதா? பக்கத்துக்கு ரெண்டு வரி கூட வரும், புஸ்தகம் ஒல்லியாகும், வெல கொறையும். எஸ்டேட்டுல ஊட்டுக்கு ஒண்ணு வாங்குவாங்க." வைத்திக்குப் பார்க்கும் வேலை குறைந்தது. கம்போசிங்காரர்களுக்குக் கோக்கும் வேலை குறைந்தது. எனக்குத் தைக்கும் வேலை குறைந்தது. முதலாளிக்குச் சொல்லவே வேண்டாம். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எல்லா அறையும் சேர்ந்து தலையாட்டிய விஷயம் அது ஒன்றுதான்.

ஒரு பெரிய தாளை இரண்டு புறமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதைத்தான் பாரம் என்போம்; தைத்தபின் விளிம்பை வெட்டினால்தான் பக்கங்கள் தனித்தனியாகத் திறக்கும். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். என் கூடத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். ஒன்று, இரண்டு என்று அடுக்கி ஊசியை ஏற்றுவார்கள். பக்கத்தின் தலையில் இருந்த பெயர் யாருக்காக இருந்தது என்று அதுவரை ஒருவரும் யோசித்ததில்லை.

தை மாதம். கிழக்கே கணவாய் வழியாக வரும் காற்றைப் பாலக்காட்டுக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அளவு ஒன்றாக இருந்ததால் அந்தோணி இரண்டு புத்தகத்தின் ஐந்தாம் பாரத்தையும் ஒரே நாளில் ஓட்டினார். மை காயட்டும் என்று இதை இந்தப் பலகையிலும் அதை எதிர்ப் பலகையிலும் பரப்பி வைத்தார். மத்தியானம் கதவு தாழ்ப்பாள் தெறித்துத் திறந்துகொண்டது. மேலே கிடந்த தாள்கள் கூடம் முழுக்கப் பறந்தன. அந்தோணி ஓடி ஓடிப் பொறுக்கினார். அடியிலே எண்ணைப் பார்த்தார், எல்லாம் ஐந்து. பாதியை இங்கே வைத்தார், பாதியை அங்கே வைத்தார்.

உங்கள் அவசரத்தால் வீட்டு வைத்தியம்தான் முதலில் கட்டி முடிந்தது. ஒரு பெரிய மூட்டையோடு நீங்கள் மலை ஏறினீர்கள். திரும்பி வந்த அன்று வழக்கத்துக்கு மாறாக எங்கள் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டீர்கள், மூக்கைப் பொத்தாமல்.

"மறையூருக்கு மேல உந் தங்கச்சியைப் பாத்தேன் அம்மிணி. பையனுக்குக் குளிர் காய்ச்சல் விட்டு விட்டு வருதாம். ஒரு புஸ்தகம் சும்மா குடுத்துட்டு வந்தேன். காசு வேண்டாம்னேன், அதுக்கே அழுகறா."

அன்று உங்களுக்கு நான் காப்பி வாங்கிவரச் சொன்னேன். அதைச் சொல்லிக் காட்டியே நீங்கள் ரொம்ப நாள் என்னைக் கேலி செய்தீர்கள்.

மறுநாள் மாட்டு வைத்தியத்தை அடுக்க ஆரம்பித்தோம். ஒரு பாரம் கோணலாக மடிந்திருந்தது. மாராத்தாள் மடித்தது. அவளைத் திட்டிக்கொண்டே அதைப் பிரித்தேன். கண்ணில் பட்ட வரி: "தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவவும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டி மாராத்தா, உம்பட எருமைக்குத் தாய்ப்பால்ல மருந்து உரைக்கோணுமாம்" என்று உரக்கப் படித்தேன். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு உறைத்தது. பிள்ளைகளின் மருந்து இங்கே வந்திருக்கிறது என்றால் மாட்டின் மருந்து எங்கே போயிருக்கிறது?

மாட்டு வைத்தியத்தின் ஐந்தாம் பாரத்தை எடுத்து முழுக்கப் படித்தேன். நடுப்பக்கத்தில் குளிர் சுரத்துக்கு ஒரு கஷாயம். அதில் எட்டிக்கொட்டை. மாட்டுக்கே பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய விஷம் அது. அளவும் மாட்டின் அளவு. பிள்ளைக்கு அதில் ஒரு சங்கு போதும், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதலாளியின் அறையில் அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. இது எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டதுதான் தாமதம்.

"காத்து அடிச்சா நான் என்னங்க பண்றது" என்றார் அந்தோணி. "அஞ்சுன்னா அஞ்சு. தலையில பேரு இருந்திருந்தா பேரைப் பாத்திருப்பனுங்க."

"பேரை எடுக்கச் சொன்னது ராவுத்தராக்கும்" என்றார் வைத்தி. "நான் ரெண்டையும் தனித்தனியா பாத்தாச்சு. ஒரு எழுத்து தப்பு இருந்தா சொல்லுங்கோ. ஏன், தைக்கறவா செத்த படிச்சுப் பாத்துத் தைக்கப்படாதோ?"

"படிச்சுப் படிச்சுத் தெச்சா புஸ்தகம் ஆடிக்குத்தானுங்க வரும்" என்றேன் நான். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்தது அன்றுதான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமாயிற்று.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொல்லாத மனுஷர் இல்லை அவர், பயந்த மனுஷர். "வெளியில தெரிஞ்சுதுன்னா நம்ம பொஸ்தகத்தை ஒருத்தன் தொடமாட்டான், கேட்டேளா. மாறிப் போனது கொஞ்சந்தான். அதிலே படிக்கத் தெரிஞ்சவன் எத்தனை பேர், மருந்து அரைக்கறவன் எத்தனை பேர்? செத்த பொறுத்துப் பாக்கலாம்."

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள். "நாம பொறுக்கலாமுங்க. காய்ச்சல் பொறுக்காதுங்களே. யாரு தப்புன்னு வந்து பேசிக்கலாம். குடுத்தது என் கை. நான் போறேன்."

"போறதுன்னா போம். ஆனா ஒண்ணு. நல்ல பதிப்பு வந்திருக்கு, மாத்திக் குடுக்கறோம்னு மட்டும் சொல்லும். மாட்டு மருந்துன்னு வாய் தெறந்தீர்னா, திரும்பி வந்து இந்தப் படி ஏற வேண்டாம்."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நானும் வருகிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடங்கில் மீதியிருந்த புத்தகம் எல்லாவற்றையும் எங்கள் பெண்கள் பிரித்துப் பார்த்தார்கள். மாட்டுக் கட்டுக்குள் எத்தனை பிள்ளைத் தாள் வந்திருந்ததோ, அத்தனை மாட்டுத் தாள் கிடைத்தாக வேண்டும். பாதிகூடக் கிடைக்கவில்லை. மீதி மலையில். சரியான பாரங்களையும் ஊசி நூலையும் ஒரு பையில் கட்டிக்கொண்டேன்.

ஊர் என் மேல் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று உங்கள் வீட்டம்மாவையும் கூட்டி வந்தீர்கள். நீங்களாகச் சொல்லவில்லை; ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்ததும் நானே புரிந்துகொண்டேன். பொள்ளாச்சி, உடுமலை என்று மாறி மாறிப் போய், மலைப் பாதையில் மாட்டு வண்டி ஏறினோம். வளைவுக்கு வளைவு அந்த அம்மாவுக்கு வாந்தி. "உங்க புஸ்தகத்துல வாந்திக்கு என்ன போட்டிருக்கு? அந்தப் பக்கமாவது மனுசனுக்கு எழுதினதா?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. வண்டிக்காரரிடம், "இன்னும் கொஞ்சம் வெரசலா போகட்டுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

என் தங்கை குடியிருந்த எஸ்டேட் லயத்தின் வீட்டு வரிசை கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை விட்டு இறங்கி ஓடினேன். பையன் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். "ஏனக்கா, சொல்லாம கொள்ளாம" என்று அவள் கேட்டாள். புத்தகம் எங்கே என்றேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பிரித்துப் புரட்டினேன். ஐந்தாம் பாரம். "தாய்ப்பாலில் உரைத்து." சரியான தாள். அப்படியே மண்தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அத்தோடு என் பதற்றம் தீர்ந்துவிட்டது ராவுத்தரண்ணா. மனது அப்படித்தான் இருக்கிறது. தங்கை தண்ணீர் சுட வைக்கட்டும், பையனை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் தோன்றிற்று. நீங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. "உன்னுது செரியா இருக்குதா? நல்லது. அடுத்த ஊடு எது?" என்றீர்கள்.

வீடு வீடாகப் போனோம். நல்ல பதிப்பு வந்திருக்கிறது என்று முதலாளி சொல்லிக் கொடுத்ததையே சொன்னீர்கள். பாதிப் பேர் கேட்கவில்லை. "பழசே போதும், இதுல எம் மவன் பேரு எழுதிட்டான்" என்றார் ஒருவர். சும்மா மாற்றிக் கொடுக்கிறான் என்றால் ஏதோ வில்லங்கம் என்று இன்னொருவர் புத்தகத்தை ஒளித்து வைத்தார். ஒவ்வொரு வாசலிலும் கெஞ்ச வேண்டியிருந்தது. பொழுது போய்க்கொண்டிருந்தது. உங்கள் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மேல் லயத்தில் ஒரு வீட்டு வாசலிலேயே கஷாயம் கொதிக்கும் வாடை வந்தது. உள்ளே கம்பளிக்குள் ஒரு பெண் குழந்தை சுருண்டு கிடந்தது. தாய் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புத்தகம் விரித்தபடி, காற்றில் மூடாமல் இருக்க ஒரு விறகுச் சுள்ளி வைத்து. நீங்கள் குனிந்து படித்தீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டீர்கள்: "எல்லாம் போட்டாச்சுங்களா?"

"எட்டிக்கொட்டை மட்டும் இல்ல. அவுக தேடிப் போயிருக்காவ. இப்ப வந்திருவாவ."

நான் பானையைக் காலால் தள்ளிவிட்டேன். அடுப்பு சீறி அணைந்தது. அந்தப் பெண் கூச்சல் போட்டாள். நல்ல பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. "இது மாட்டு மருந்து தாயி. எங்க கம்பெனியில ஏடு மாறிப் போச்சு. இதைக் குடுத்தா புள்ள பொழைக்காது" என்றீர்கள். அப்போது அவள் புருஷன் துண்டு முடிச்சோடு உள்ளே நுழைந்தான். விஷயம் புரிந்ததும் முடிச்சைக் கீழே போட்டுவிட்டு உங்கள் சட்டையைப் பிடித்தான். நீங்கள் அவன் கையை விலக்கவில்லை. அவன் விடுகிற வரைக்கும் அப்படியே நின்றீர்கள். பிறகு அவனிடமே, "காலையில ஆளெல்லாம் கூடற எடம் எங்கப்பா" என்று கேட்டீர்கள்.

மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் நீங்கள் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. "நான் வித்த புஸ்தகத்துல மாட்டு மருந்து கலந்திருச்சு. தப்பு எங்களுது. அதைப் பாத்து யாரும் ஒண்ணும் அரைக்காதீங்க. கொண்டாந்து குடுங்க, இந்த அம்மா பாத்துச் செரி பண்ணிக் குடுப்பாங்க." கூட்டத்திலிருந்து ஒருவன், "குடிச்சா கொம்பு மொளைக்குமா ராவுத்தரே" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் புத்தகங்கள் வந்தன. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் உட்கார்ந்து நூலை அறுத்து, கெட்ட பாரத்தை உருவி, நல்லதை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நீங்கள் உருவிய தாளை எண்ணி எண்ணி அடுக்கினீர்கள். பக்கத்து எஸ்டேட், காந்தலூர், மறையூர்க் கடைத்தெரு என்று எல்லாம் தேடி முடித்தபோது ஒன்று குறைந்தது.

காந்தலூர்ப் பாதையில் ஒரு கங்காணி ஆட்களோடு எங்கேயோ இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தாராம். அந்தப் புத்தகத்தை உங்களிடம் நடந்தபடியே வாங்கினாராம். சிவப்புக் கம்பளி போர்த்தியிருந்தாராம். உங்களுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இறங்கி வரும்போது வண்டியில் நீங்கள் சொன்னது இதுதான்: "காசைப் பாத்தேன் அம்மிணி. கம்பளியைப் பாத்தேன். மொகத்தைப் பாக்காம விட்டுட்டேன்."

பெரட்டுக்களத்தில் பேசியது நமக்கு முன்னால் பாலக்காட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நீங்கள் படி ஏறவில்லை. தெருவில், கிடங்குக் கதவுக்கு எதிரே வெயிலில் நின்றீர்கள். நான் உள்ளே போய்ச் சொன்னேன். அந்தோணி மெஷினை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்க வந்தார். வைத்தி கண்ணாடியோடு வந்தார். கம்போசிங்காரர்கள் கறுத்த விரல்களோடு வந்தார்கள். என் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். முதலாளி வெளியே வந்து பார்த்தபோது உள்ளே ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் தெருவில் நின்று யார் தப்பு என்று உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சண்டை போடறதுன்னா உள்ளே வந்து போடுங்கோ, ஊரே பாக்கறது. நீரும்தான் ஓய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அன்றுதான் நீங்கள் அந்த ஏற்பாட்டைச் சொன்னீர்கள். எந்தப் பாரம் அச்சானாலும் ஒரு தாளை மடித்து எல்லா அறைக்கும் அனுப்ப வேண்டும். கம்போசிங், வைத்தி, அந்தோணி, நான் என்று ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு அடையாளம் வைக்க வேண்டும். கடைசியில் நீங்கள். நீங்கள் வைக்கும்வரை ஊசி எடுக்கக் கூடாது. சுற்றுத் தாள் என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. நான் என் ஊசியால் ஒரு குத்து குத்துவேன். நீங்கள் பென்சிலால் "ரா" என்று போடுவீர்கள். பக்கத்தின் தலையில் பெயரும் திரும்பி வந்தது.

மலைக்காரர்கள் ரொம்ப வருஷம் நம் புத்தகத்தைத் தொடவில்லை. உங்களுக்கு மாட்டு ராவுத்தர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அதற்கெல்லாம் நீங்கள் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. கிடைக்காத அந்த ஒன்றுதான் உங்களை அரித்தது. கொல்லங்கோட்டுச் சந்தையில், பொள்ளாச்சிச் சந்தையில், எங்கே சிவப்புக் கம்பளியைப் பார்த்தாலும் முன்னால் போய் முகத்தைப் பார்ப்பீர்கள். எஸ்டேட்டிலிருந்து யார் இறங்கி வந்தாலும் விசாரிப்பீர்கள். போன மழைக்காலத்தில் உங்களைப் பார்க்க வந்தேன். உங்களுக்குப் பேச்சு குழறியது. வீட்டம்மா காதை வைத்துக் கேட்டுச் சொன்னார்கள்: "அந்தச் செவப்புக் கம்பளி கெடைச்சுதான்னு கேக்கறாங்க." இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அப்புறம் உங்களை அடக்கம் செய்த சேதிதான் வந்தது.

போன வாரம் மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தார்கள். அங்கே மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மலையை விட்டு இறங்கி மகளோடு இருக்கிறார்கள். முந்தானையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார்கள். வீட்டு வைத்தியம். "முதுகு விட்டுப்போச்சும்மா. கட்டித் தரணும். எங்க வீட்டுக்காரவ கங்காணியா இருந்தாவ. இதைப் பாத்துத்தான் லயத்துல எல்லாருக்கும் மருந்து சொல்லுவாவ."

ஒவ்வொரு பக்கத்தின் தலையையும் பார்த்தேன். பெயர் இல்லை. எல்லாருக்குமா என்று கேட்டேன். எல்லாருக்கும்தான் என்றார்கள். "நடுவுல கொஞ்சம் ஏடு மட்டும் மூடியே இருக்கும். கத்தியால கீறினா திறந்துக்கும்னு பிள்ளைக சொல்லிச்சு. அவுக விடல. படிக்கிற ஏட்டுல கத்தி வைக்கலாமாம்மா? சரசுவதில்லா?"

ஐந்தாம் பாரத்துக்கு விரலைக் கொண்டு போனேன். கோணலாக, உள்வாங்கி மடிந்திருந்தது. எங்கள் வெட்டுக்கத்தி அதன் விளிம்பைத் தொடாமலே போயிருக்கிறது. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் வெளியே தெரிந்தன. நடுவில் இருந்ததெல்லாம் மூடியபடியே இருந்தது; இடுக்கு வழியாகப் பார்த்தேன், அதே எட்டிக்கொட்டை. மாராத்தாளின் மடிப்பு, சந்தேகமில்லை. அந்த மடிப்புக்காக அவளை நான் எத்தனை நாள் வைதிருப்பேன். நேற்று அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். பேசாமல் வாங்கிக்கொள் என்றேன்.

"உங்க வீட்டுக்காரர்..." என்று அந்த அம்மாளிடம் இழுத்தேன். "இருக்காவளே. இருமல்தான் படுத்துது. அந்தப் பழைய செவப்புக் கம்பளியை விட்டாத்தானே, ஒரே தூசி" என்றார்கள் அந்த அம்மாள்.

கெட்ட பாரத்தை இன்று காலையில் உருவினேன். கிடங்கில் மிச்சமிருந்த நல்ல பாரத்தை வைத்துத் தைத்துவிட்டேன். நாளை கொடுத்தனுப்புகிறேன். உருவியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. சுற்றுத் தாளாக அனுப்பினேன். ஒன்றும் சொல்லாமல்தான் அனுப்பினேன், ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கம்போசிங்கில் அடையாளம் வைத்தார்கள். வைத்திக்கு இப்போது பார்வை மங்கல். கண்ணுக்கு அருகில் பிடித்து வெகுநேரம் வைத்திருந்துவிட்டுச் சிவப்பு மையால் கோடு போட்டார். அந்தோணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மைக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நான் ஊசியால் ஒரு குத்து.

உங்கள் இடம் காலியாக இருக்கிறது. உங்கள் வேலையில் இருக்கும் புதுப் பையன் கையெழுத்துப் போட வந்தான். நல்ல பையன்தான். இதில் வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். மடிப்பையும் பிரிக்கவில்லை. இப்போது என் மேஜையில், பசைச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

யாரும் சாகவில்லை ராவுத்தரண்ணா. அந்தப் பக்கத்தை ஒருவரும் திறக்கவேயில்லை.